வெள்ளிச்சட்டைக்குக் கண் வைத்த மத்தியானம்

– அதைத் தொட்டுறாதீக சார்! இன்னும் காயலை.

– ஏம்மா, போலீஸ் கையை வச்சா உனக்கு அம்புட்டுப் பதறுதா? பெத்தணன், நீங்க வாசல்ல நில்லுங்க. யாரும் வெளிய போகவும் வேணாம், உள்ள வரவும் வேணாம். சரி, நான் எஸ்.ஐ. தங்கப்பாண்டியன். நீங்க யாரு, இது யாரு வீடு?

– வாடகை வீடு சார். என் பேரு மணிகண்டராஜ். இது நம்ம வீட்டுக்காரி, யோகேஸ்வரி. நாங்க ரெண்டு பேருதேன் சார். ஒண்ணுமில்ல சார், மேசையில கிடக்கதெல்லாம் விளையாட்டுச் சாமான்.

– விளையாட்டுச் சாமானா? படியில கால் வைக்கும்போதே மூக்கைத் துளைக்குது நெடி. மேசை பூரா டப்பா. கட்டிலுக்கு அடியில அட்டைப்பெட்டி. இந்தா, இது என்ன? வெடி சுத்துற காகிதக் குழாய்தானே?

– வெறுங்குழாய் சார். கைப்பிடிக்கு வச்சிருக்கேன். பொம்மையை விரலால பிடிச்சா அடிச்ச பெயிண்டு போயிரும். அதனால குழாய் மேல ஒட்டி வச்சு, குழாயைப் பிடிச்சுக்கிட்டு அடிப்பேன்.

– பொம்மையா? எங்கம்மா?

– அந்தக் குழாய் உச்சியில நிக்காரே சார்.

– இதுவா? என் கட்டைவிரல் உசரங்கூட இல்லையே! அட, இவனுக்கு மூஞ்சியெல்லாம் இருக்கு. முதுகுல என்ன, போர்வையா?

– அங்கி சார். பறக்கும்போது பின்னாடி விரியும்ல, அது. இவுக எல்லாரும் சூப்பர் ஹீரோ. பெங்களூர்ல ஒரு கம்பெனி இருக்கு. மேசையில அட்டையை விரிச்சு, இவுகளை நிறுத்தி வச்சு, பகடை உருட்டி விளையாடுவாக. பெயிண்டு அடிக்கிற வேலை மட்டும் எனக்கு வரும். மொத்தம் அறுபது பேரு. நாளைக்குக் கூரியர்ல ஏத்தணும்.

– பிள்ளைக விளையாடுறதுக்கா?

– இல்ல சார். மீசை வச்சவுகதான் விளையாடுறது.

– நல்லா இருக்கு சங்கதி. இங்க பாருப்பா மணிகண்டராஜ், எங்களுக்குப் போன் வந்துருக்கு. இந்தத் தெரு, இந்த வீடு, பச்சைக் கேட்டு, எல்லாம் சரியாச் சொல்லி. லைசென்சு இல்லாம பட்டாசு சுத்துறாகன்னு. நெடி வருதுன்னாக, இருக்கு. அட்டைப்பெட்டி வருது போகுதுன்னாக, இருக்கு. ரெண்டு பொம்பளைக காலைல வந்து சாயங்காலம் போறாகன்னாக. அவுக எங்க?

– அவுக பெயிண்டு அடிக்க வாரவுக சார். இவளுக்குக் கூடமாட ஒத்தாசை. சாப்பிடப் போயிருக்காக. எவனோ பொறாமை பிடிச்சவன் போன் போட்டுட்டான் சார். இவ நல்லா இருக்கது கண்ணை உறுத்துது.

– பொறாமையோ என்னமோ, போன் வந்தா நான் வந்துதான் ஆகணும். போன மாசம் ஒரு வீடு. ஓடு தெருவைத் தாண்டிக் கிடந்துச்சு. நானும் பெத்தணனும் சாக்கை வச்சுக்கிட்டுப் பொறுக்கினோம். என்னத்தைப் பொறுக்கினோம்னு கேக்காத. அதுல இருந்து யாரு வாய்ச்சொல்லையும் நான் நம்புறது இல்லை. வாடகைச் சீட்டு யாரு பேருல இருக்கு?

– இவ பேருலதேன் சார்.

– அப்ப எதாச்சும் சிக்குனா முதக் குத்தவாளி நீதாம்மா. தெரியும்ல?

– தெரியும் சார். எல்லாத்தையும் பாத்துக்கோங்க. அடுப்படி, பாத்ரூமு, பரணு, ஒண்ணு விடாமப் பாத்துருங்க.

– பேசிக்கிட்டே எல்லாத்தையும் எட்டிப் பாத்தாச்சு. மாடிதான் பாக்கி. படியேறுற கதவுல பூட்டுத் தொங்குதே.

– அது ஹவுஸ் ஓனரு பூட்டு சார். மேல தண்ணித்தொட்டியும், அவுக பழைய சாமான் போட்டு வச்ச ஒரு தகரக் கொட்டகையும்தேன். நம்மளுக்குப் பாத்தியதை இல்ல. சாவியும் அவுககிட்டத்தேன்.

– பேரு?

– லட்சுமிகாந்தம் அம்மா. விருதுநகர்ல இருக்காக.

– நம்பரை இந்தச் சீட்டுல எழுதிக் குடு. ம்ம், சரி. இரு, ஸ்டேஷன்ல இருந்து கூப்பிடுறாக. இந்தச் சுவத்துக்குள்ள சிக்னலும் விட்டு விட்டுத்தான் கிடைக்குது. வெளிய போய்ப் பேசிட்டு வாரேன். ரெண்டு பேரும் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

– சரிங்க சார்.

– ...

– ஏ யோகு, உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒண்ணு விடாமப் பாருங்கன்னு எதுக்குச் சொன்ன?

– அப்படிச் சொல்லலேன்னா சந்தேகம் வராதா? ஏங்க, மேல இருந்து செல்லத்தாய் அக்காவும் நாகஜோதியும் எறங்கிட்டாகள்ல? நான் சுவத்தைப் பாத்து உக்காந்து அடிச்சுக்கிட்டு இருந்தேன். கவனிக்கலை.

– மெதுவாப் பேசு. எங்க எறங்க? முக்குக் கடைக்காரரு ஜீப்பு திரும்புதுன்னு போன் போட்டப்ப ரெண்டு நிமிசங்கூட இல்ல. சத்தங்காட்டாம உள்ளயே இருங்கன்னு சொல்லிக் கொட்டகையை வெளிய பூட்டிட்டேன். மாடிக்கதவையும் பூட்டிட்டு எறங்கி வந்தேன்.

– பூட்டிட்டீகளா? உள்ள ஆளை வச்சா பூட்டுனீக?

– கத்தாத.

– தெனம் ஒண்ணரைக்குச் சாப்பிட எறங்கிருவாகளே!

– இன்னைக்கு லோடு போகணும்னு ஏஜெண்டு நிக்கான். சோத்தை மேலயே வச்சுச் சாப்பிடுங்கன்னு நாந்தேன் சொன்னேன். எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

– தகரம்ங்க. சித்திரை வெயிலு. கலந்து வச்ச வெடிமருந்தும் அங்கனதானே இருக்கு? ஒரு சன்னல்கூடக் கிடையாது. நாகஜோதிக்கு ஏழாவது மாசம்.

– ஈரச்சாக்குப் போட்டுத்தேன் இருக்கு. அவுக என்ன புதுசா? பத்து வருசம் கம்பெனியில பாத்தவுக.

– பத்து வருசம் பாத்தவுகதான் செத்துருக்காக. சாவியை என்கிட்டத் தாங்க. கொல்லைப்பக்கமா ஏணி போட்டாவது...

– வாசல்ல ஒரு போலீஸு, தெருவுல ஒரு போலீஸு. ஏணி போடப் போறாளாம்! சாவி என் டவுசர்ப் பையில இருக்கு, அங்கனயே இருக்கட்டும். இந்தா பாரு, இவரை எம்புட்டுச் சுருக்க அனுப்புறோமோ அம்புட்டுச் சுருக்கப் போய்த் திறந்துவிட்டுருவேன். அது உன் கையிலதேன் இருக்கு. உன் பொம்மையக் காட்டு. பேசு. மனுசன் அதுல கொஞ்சம் மயங்குறாரு.

– எத்தனை நாளாச் சொன்னேன், வேணாம் வேணாம்னு.

– சீசன் முடியட்டும்னு நானும் சொன்னேன். வாராரு, வாயை மூடு.

– என்னப்பா, புருசனும் பொண்டாட்டியும் குசுகுசுன்னு?

– ஒண்ணுமில்ல சார். பயப்படுறா. போலீஸையே பக்கத்துல பாத்தது இல்ல சார் இவ.

– மூணு மணிக்குச் சூலக்கரையில மீட்டிங்காம். கலெக்டர் ஆபீஸு. அதுக்குள்ள உங்க சங்கதியை முடிக்கணும். அந்தம்மா நம்பரை அடிச்சுப் பாத்தேன். மணி அடிக்குது, எடுக்கலை.

– மத்தியானம் தூங்குவாக சார். நாலு மணிக்கு மேலதேன் எடுப்பாக.

– ம்ம். அது என்ன மணிச்சத்தம்? யாரு போனு?

– அது வந்து சார்...

– பிரிட்ஜ் மேல, கூடைக்குள்ள. ரெண்டு போனு கிடக்கு. 'மாமியா'ன்னு வருது. யாரு மாமியா?

– செல்லத்தாயோட போனு சார். பெயிண்டு அடிக்க வாரவுக.

– சாப்பிடப் போனவுக போனை விட்டுட்டா போவாக? எனக்குத் தெரிஞ்சு போனை வெளிய வாங்கி வச்சுட்டு ஆளை உள்ள விடுறது ஒரே இடந்தான் மணிகண்டராஜ். மருந்து ரூம்பு.

– சார், அது... அது என்னன்னா...

– நான் சொல்றேன் சார். பெங்களூர் கம்பெனி ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிருச்சு. இந்தப் பொம்மைக இன்னும் கடைக்கு வரலை. யாரும் படம் எடுத்து வெளிய விட்டுறக் கூடாது. அதனால வேலைக்கு வந்த உடனே போனை அந்தக் கூடையில போட்டுரணும்னு நான்தான் வச்சிருக்கேன். ரெண்டு எட்டுல வீடு, சாப்பிட்டுத் திரும்பி வாரதுதானேன்னு விட்டுட்டுப் போயிருப்பாக.

– படம் எடுத்தா என்ன வந்துருச்சு இந்தக் கட்டைவிரல் ஆளுக்கு?

– அடுத்தவன் பாத்து அதே மாதிரி செஞ்சுருவான்ல சார். நம்ம ஊருல ஒரு லேபிள் அடிச்சா மறுவாரமே பக்கத்துப் பிரஸ்ஸுல அதே லேபிளு வந்து நிக்கலையா?

– அது வாஸ்தவந்தான். ஆனா ஒண்ணு, நீ பேசுற பேச்சுக்கெல்லாம் பதில் கையில வச்சிருக்கம்மா. அதுதான் எனக்கு இடிக்குது. உக்காரு.

– எதுக்கு சார்?

– அடிச்சுக் காட்டு. வேலை இதுதான்னா கண்ணு முன்னால செய்யி. குழாயை வச்சுக்கிட்டு நாலு பொம்மையை ஒட்டி வைக்க யாருக்கும் தெரியும். இந்தா, இந்த வெள்ளிச்சட்டைக்காரன். இவனுக்கு இன்னும் கண்ணு வைக்கலை. வையி.

– இப்பவா சார்? கண்ணு கடைசியாத்தான் வைப்பேன். அதுக்கு நேரம் ஆகும். உங்களுக்கு மீட்டிங் இருக்குன்னு...

– மீட்டிங்கை நான் பாத்துக்கிடுறேன்.

– வையி யோகு. சாரு சொல்றார்ல. சட்டுன்னு வச்சுக் காட்டு.

– சரிங்க. அந்தச் சின்னப் பிரஷ்ஷை எடுங்க. மூணு சைபர் போட்டது. அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. சார், வெளிச்சத்தை மறைக்காதீக, இந்தப் பக்கம் வந்துருங்க.

– வந்துட்டேன். இது பிரஷ்ஷா? நாலு முடிதான் இருக்கு.

– மொதல்ல கண்ணுக்குழி பூரா கருப்பு. அது காயணும். அது மேல வெள்ளையில ஒரு கோடு. நடுவுல கருப்புல ஒரு புள்ளி. புள்ளி ஒரு நூல் விலகுனா மாறுகண்ணு ஆயிரும். பூராத்தையும் அழிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து வரணும்.

– கருப்பு வச்சாச்சு. கை ஏம்மா நடுங்குது?

– நீங்க பக்கத்துல நிக்கீகள்ல சார்.

– அறுபது பொம்மைக்குக் கண்ணு வச்ச கையா இது? நடுங்குறதைப் பாத்தா இன்னைக்குத்தான் பிரஷ்ஷைப் பிடிச்ச மாதிரி இருக்கு.

– சோறு இன்னும் சாப்பிடலை சார் இவ. அதுதேன்.

– உன்கிட்டக் கேக்கலைப்பா. ஏம்மா, வேர்த்துக் கொட்டுது உனக்கு. பேனைப் போடவா?

– பேன் போடக் கூடாது சார், தூசி வந்து ஒட்டும். வேர்வைதானே, பழக்கந்தான். இந்த வெயிலுக்குக் கீழயே இப்படி வேர்க்குது. சார், வெள்ளைக் கோடு போடுறேன், பாருங்க.

– ம்ம். ஒண்ணு சரியா விழுந்துருச்சு. ரெண்டாவது... அது என்ன சத்தம்?

– எது சார்?

– மேல. தகரத்துல.

– மயில் சார். இந்தப் பக்கம் பூரா மயிலுதேன். வெயிலுக்குத் தொட்டித் தண்ணி குடிக்க வந்து தகரத்துல ஏறி நிக்கும்.

– ரெண்டு தட்டுத் தட்டிட்டு நிறுத்துமா மயிலு?

– கொத்தும் சார். அரிசி கிரிசி கிடந்தா கொத்தும்.

– இந்தா, மறுபடியும்.

– பேசாதீக. ரெண்டு பேரும் ஒரு நிமிசம் பேசாதீக. புள்ளி வைக்கப் போறேன். மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் வைக்கணும்.

– ...

– ...

– வச்சுட்டேன் சார். பாத்துக்கோங்க.

– ஏயப்பா! என்னையே முறைக்கான். இம்புட்டுக்காணு மூஞ்சியில, இவன் கோவமா இருக்கான்னு தெரியுதும்மா. எப்படி வச்ச?

– புருவத்துக்குக் கீழ கருப்பு கொஞ்சம் மிச்சம் விட்டா கோவம் வந்துரும் சார். அம்புட்டுத்தான். போதுமா சார்? உங்களுக்கு நேரமாகுதே.

– என்னை விரட்டுறதுலயே இரு. இது யாரு? இந்தப் பொண்ணு. கையில என்ன பிடிச்சிருக்கா?

– நெருப்பு சார். இதுகளுக்கு இங்கிலீஷ்ல வச்ச பேரு என் வாயில நுழையாது. நான் இவளை நெருப்புக்காரின்னு சொல்லுவேன். அவனை வெள்ளிச்சட்டைன்னு சொல்லுவேன்.

– நெருப்புன்னா செவப்பால்ல இருக்கணும்? நீ அடியில வெள்ளையா அடிச்சு வச்சிருக்க. அதான் தப்பா விட்டுட்ட.

– தப்பு இல்ல சார். அடியிலதான் வெள்ளை, கண்ணு கூசுற வெள்ளை. மேல போகப்போகத்தான் மஞ்சளு. அப்புறம் செவப்பு. நுனியில கருப்பு. எல்லாரும் மாத்தித்தான் அடிப்பாக. பாக்காதவுக அப்படித்தான் அடிப்பாக.

– நீ பாத்தியாக்கும்?

– அது பழைய கதை சார். விடுங்க. யோகு, அந்தப் பெட்டியை மூடி வையி.

– நீ சும்மா இரு மணிகண்டராஜ். சொல்லும்மா. எங்க பாத்த?

– எங்க அப்பா வேலை பாத்த கம்பெனியில சார். நான் ஆறாவது படிச்சேன். அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போனேன். கம்பெனி வாசல்ல நிக்கேன். அவரு மருந்து ரூம்புல இருந்து என்னைப் பாத்து, இந்தா வாரேன்னு கையைக் காட்டுனாரு. அப்பதான் அந்த வெள்ளை வந்துச்சு. சத்தம் பின்னாடிதான் கேட்டுச்சு.

– இவளை அடிக்கடி அந்த நினைப்பு வந்து போட்டு வாட்டும் சார். அதனாலதேன் நான் இந்தப் பேச்சையே எடுக்க விடுறது இல்ல.

– சரி, சரி. மன்னிச்சுக்கம்மா. கேட்டுருக்கக் கூடாது. எங்க பெரியப்பாவும் அப்படிப் போனவருதான். வீட்டுக்கு வீடு இருக்கு இந்தப் பக்கத்துல. பெத்தவனை அப்படிப் பறிகுடுத்த பிள்ளை தன் வீட்டுக்குள்ள மருந்தைச் சேக்குமா? சேக்காது. எனக்குச் சங்கதி விளங்கிருச்சு.

– அதைத்தேன் சார் நானும் வந்ததுல இருந்து சொல்றேன்.

– நீ ஒண்ணும் சொல்லலை, முழிச்சதுதான் மிச்சம். சரி, நான் ஜீப்புல போய் ஒரு பேப்பர் எழுதிட்டு வாரேன். வீட்டைப் பாத்தோம், ஒண்ணும் இல்லைன்னு. சீட்டு உன் பேருல இருக்கதால நீதாம்மா கையெழுத்துப் போடணும். மாடி மட்டும் நாளைக்கு. காலைல பத்து மணிக்கு அந்த ஓனரம்மாவும் சாவியும் இங்கன இருக்கணும். அதுவரைக்கும் தெருமுக்குல பெத்தணனை நிப்பாட்டிட்டுப் போறேன். சம்பிரதாயந்தான், பயப்படாத. மாடிப்படியில மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. அவரு நிக்குற இடத்துல இருந்து மொட்டைமாடி நல்லாத் தெரியும்.

– சரிங்க சார். நீங்க எழுதிட்டு வாங்க சார்.

– ...

– அப்பாடி. பிழைச்சோம் யோகு. அந்தக் கதையைச் சொன்ன பாரு, மனுசன் அப்படியே உருகிட்டாரு. நல்ல நேரத்துல எடுத்துவிட்ட.

– எடுத்துவிட்டேனா? எங்க அப்பாவையா?

– அட, சொல்லுக்குச் சொன்னேன். கோவிச்சுக்காத.

– அவரு ஜீப்பு போன உடனே திறந்துவிட்டுருங்க. தண்ணி கொண்டு போங்க. அப்ப தட்டுனது தண்ணிக்குத்தான். எனக்குத் தெரியும்.

– எப்படித் திறக்க? காதுல விழலையா அவரு சொன்னது? முக்குல அந்த ஆளு நின்னு மாடியவே பாத்துக்கிட்டு இருப்பான். நான் படியேறுனா அம்புட்டுத்தேன்.

– அதுக்கு?

– இருட்டட்டும். ஏழு மணிக்கு மேல ஏறி, ஆளை எறக்கிட்டு, மருந்தையும் கொல்லைப்பக்கமாக் கடத்திருவோம். காலைல வந்து வெறுங்கொட்டகையைப் பாத்துட்டுப் போகட்டும்.

– ஏழு மணியா? இப்ப மணி ரெண்டரைங்க!

– நாலரை மணி நேரந்தேன? பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு... அதான், இருப்பாக.

– அந்தத் தகரம் இப்பவே அடுப்பா இருக்கும். நாகஜோதி வயித்துல பிள்ளை இருக்கு. மயக்கம் வந்து மருந்துத் தட்டு மேலயே விழுந்தான்னா? தவிச்சுப்போய்க் கதவை ஓங்கி உதைச்சாகன்னா? கலந்த மருந்துக்குப் பக்கத்துல உதைச்சா என்ன ஆகும், சொல்லுங்க.

– உதைக்க மாட்டாக. அவுகளுக்குத் தெரியும்.

– எங்க அப்பாவுக்கும் தெரியும்ங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

– இப்ப என்ன செய்யச் சொல்ற? நானே போய் விலங்கு மாட்டுங்க சாமின்னு கையை நீட்டவா? மாட்டுனா என்னை மட்டுமா மாட்டுவாக? வாடகைச் சீட்டு உன் பேரு. அவரே சொன்னாரு, முதக் குத்தவாளி நீ. உன் பொம்மை, உன் பெங்களூரு, உன் கூரியரு, எல்லாம் அதோட போச்சு. நெனைச்சுப் பாரு.

– நெனைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– நெனைச்சியா? அப்ப கையெழுத்தைப் போட்டுட்டு அமைதியா உக்காந்து மிச்சப் பொம்மைக்குப் பெயிண்டு அடி. நல்ல பிள்ளையில்ல. வந்துட்டாரு.

– எழுதியாச்சும்மா. வாசிக்கிறேன், கேட்டுக்க. 'மேற்படி வீட்டில் நான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசும் தொழில் மட்டுமே செய்து வருகிறேன் என்றும், வீட்டிலோ மாடியிலோ வெடிமருந்தோ, பட்டாசு தயாரிக்கும் ஆட்களோ இல்லை என்றும் உறுதி கூறுகிறேன். இது பொய்யென்று தெரியவந்தால் அதற்கு நானே முழுப் பொறுப்பு.' கீழ உன் பேரு எழுதியிருக்கேன். அதுக்கு மேல கையெழுத்துப் போடு.

– போடு யோகு. சாருக்கு மீட்டிங்குக்கு நேரமாகுது.

– நான் ஒண்ணு கேக்கலாமா சார்?

– கேளும்மா.

– போன் போட்டவுக யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?

– தெரிஞ்சாலும் சொல்ல மாட்டோம். பேரு சொல்லலை. வேற யாரோ போன்ல இருந்து பேசிட்டு வச்சிருக்காக. பொய்த் தகவலு குடுத்ததுக்கு அவுகளைப் பிடிச்சுப் போடணும். உன் நேரமும் போச்சு, என் நேரமும் போச்சு.

– அப்படிச் சொல்லுங்க சார்! எவன்னு மட்டும் தெரியட்டும், நான் பாத்துக்கிடுறேன் அவனை. காலை ஒடிச்சு உக்கார வச்சிருவேன்.

– நீ ஒண்ணும் ஒடிக்க வேணாம். என்னம்மா, பேனாவைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிற? அப்ப அந்த நடுக்கம் நடுங்குன. இப்பக் கை கல்லாட்டம் நிக்குதே.

– இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்.

– ஏ யோகு!

– ஏம்மா? நான் எழுதுனதுல எதும் தப்பா?

– பாதி தப்பு சார். ஆளு இருக்கு. மேல தகரக் கொட்டகைக்குள்ள செல்லத்தாய் அக்காவும், ஏழு மாசப் பிள்ளைத்தாச்சி நாகஜோதியும் கலந்த மருந்தோட பூட்டிக் கிடக்காக. சாவி இவுக டவுசர்ப் பையில இருக்கு. பூட்டை உடைச்சுறாதீக, மெதுவாத் திறங்க. மொதல்ல தண்ணி குடுங்க.

– சார், இவ சித்தம் கலங்கிப் பேசுறா சார். அந்த அப்பா நினைப்பு வந்தாலே இப்படித்தேன் உளறுவா. எவனோ போன் போட்டான்னு இவளுக்குப் பயம்...

– பெத்தணன்! உள்ள வாங்க! இவன் கையைப் பிடிங்க, பையில சாவி இருக்கான்னு பாருங்க. ஏம்மா, இம்புட்டு நேரம் என்னம்மா செஞ்ச நீ? கண்ணு வச்சுக்கிட்டு இருந்தியா?

– எவனும் போன் போடலை சார், போட்டது நான்தான். ஒண்ணரைக்கு அவுக ரெண்டு பேரும் சாப்பிட எறங்கிருவாகன்னு நம்பித்தான் ரெண்டு மணிக்கு வாங்கன்னு சொன்னேன்.